வேப்பிலை வழி வெள்ளி நானோ துகள் ஜெல்: தீக்காய ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஒரு காலைப் பொழுதாவது நின்று பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைக் களிம்பு மறக்காது. சில்வர் சல்ஃபாடையசின் என்னும் அந்த 1 சதவீதக் களிம்பை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபாக்ஸ் 1968-இல் அறிமுகப்படுத்தினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1965-இல், கார்ல் மோயர் குழுவினர் 0.5 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த துணிகளைக் காயத்தின் மேல் போட்டுக் கிருமிகளைக் கட்டுப்படுத்திக் காட்டியிருந்தனர். ஆனால் அந்தக் கரைசல் நோயாளியின் உடலிலிருந்து சோடியத்தையும் குளோரைடையும் உறிஞ்சியதோடு, தொட்ட துணி, தரை, தோல் அனைத்தையும் கறுப்பாக்கியது. ஃபாக்ஸின் களிம்பு அந்தச் சிக்கலைத் தீர்த்து உலகம் முழுவதும் பரவியது.

அதற்கும் ஒரு விலை உண்டு. களிம்பும் காயத்திலிருந்து வடியும் ஊனீரும் சேர்ந்து புண்ணின் மேல் ஒரு போலிப் பொருக்காக ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். அப்போது நோயாளி படும் வேதனையை அருகில் நின்று கேட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படித் துடைக்கும்போது புதிதாக முளைத்த தோலணுக்களும் சேர்ந்தே உரிந்து போகின்றன. ஆழம் குறைந்த தீக்காயங்களில் இந்தக் களிம்பைப் பயன்படுத்தினால் மற்றக் கட்டுகளைவிட ஆறுவதற்குக் கூடுதல் நாள் ஆகிறது என்பதைத் தொகுப்பாய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கிருமியைத் தடுக்கும் வெள்ளி வேண்டும், ஆனால் அது குறைவாக, நீரால் எளிதில் கழுவக்கூடிய ஒரு ஜெல்லில் இருக்க வேண்டும் என்ற தேடலே நம்மை நானோ துகள்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், இந்தத் தேடல் நமக்கு மிக நெருக்கமானது.

இந்த வழிகாட்டி மருந்தியல், வேதியியல், நுண்ணுயிரியல் முதுநிலை மாணவர்களுக்காக எழுதப்பட்டது. வீட்டில் செய்து பூசிக்கொள்வதற்கான குறிப்பு இதில் எதுவும் இல்லை. வெள்ளி நைட்ரேட் தோலையும் கண்ணையும் அரிக்கும் வேதிப்பொருள். கிருமி நீக்கப்படாத எந்த ஜெல்லும் திறந்த புண்ணுக்குக் கேடு. தீக்காயம் பட்டவருக்கு உடனடியாகச் செய்ய வேண்டியது, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காயத்தைக் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே. பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள் எதையும் பூசக் கூடாது.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். "தாவரத்தில் செய்தது, ஆகவே தீங்கற்றது" என்ற வரி நம் ஆய்வேடுகளில் மிக எளிதாக நுழைந்துவிடுகிறது. இலைச்சாறு செய்வது வெள்ளி அயனியை ஒடுக்கி (அதாவது எலெக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கி), துகளாக்கி, அதன் மேல் ஒரு உறை போர்த்துவது மட்டுமே. புண்ணைச் சேர்வது வெள்ளிதான். எவ்வளவு வெள்ளி, எந்த வடிவில், எவ்வளவு வேகத்தில் புண்ணைச் சேர்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு படியிலும் எழுதி வைத்தால்தான் அந்த ஆய்வு நோயாளிக்குப் பயன்படும்.

படி 1: எந்தக் காயத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தீக்காயத்தை ஒரே காயமாகப் பார்க்கக் கூடாது. 1953-இல் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் விளக்கியபடி, அதன் நடுவில் திசு இறந்துபோன பகுதியும், அதைச் சுற்றி இரத்த ஓட்டம் தடுமாறி நிற்கும் பகுதியும், வெளி விளிம்பில் சிவந்து வீங்கிய பகுதியும் உள்ளன. நடுவில் உள்ள பகுதியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஆனால் இரத்த ஓட்டம் தடுமாறும் பகுதி, காயம் காய்ந்து போனாலோ கிருமி தொற்றினாலோ இறக்கும், ஈரமாகவும் தூய்மையாகவும் வைத்திருந்தால் பிழைக்கும். நம் ஜெல்லின் வேலை இந்த இடத்தில்தான் உள்ளது.

மேல்தோலும் அடித்தோலின் ஒரு பகுதியும் மட்டும் வெந்த காயங்களில், மயிர்க்கால்களின் அடியில் உயிரோடு இருக்கும் அணுக்கள் பெருகிப் புதிய தோலை உருவாக்குகின்றன. முழுத்தோலும் வெந்த காயங்களில் அந்த அணுக்களே இல்லாததால், இறந்த தோலை அகற்றி வேறிடத்துத் தோலை ஒட்ட வேண்டும்; அங்கே ஜெல்லைப் பற்றிப் பேசுவது நோயாளியின் நேரத்தை வீணாக்குவதாகும். ஆகவே ஆய்வுத் திட்டத்தின் முதல் வரியிலேயே "பகுதித்தோல் தீக்காயம்" என்று வரையறுத்துவிடுங்கள்.

படி 2: இலையும் நீரும்

தாவரங்களைக் கொண்டு வெள்ளி நானோ துகள் செய்யும் முறைக்குப் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் செய்த பணி பெரிய அடித்தளம். 2004-இல் அவர்கள் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்கம், இரண்டும் கலந்த துகள்கள் ஆகியவற்றைச் செய்து வெளியிட்டனர். குப்பைமேனி, கற்றாழை, வெட்டுக்காயப் பூண்டு என்று பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. இங்கே வேப்பிலையையே எடுத்துக்கொள்கிறேன்; ஆண்டு முழுவதும் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க முன்னாய்வுகளும் ஏராளம்.

முற்றிய பச்சை இலைகளை ஒரே மரத்திலிருந்து, ஒரே வேளையில் பறித்து, தாவரவியல் வல்லுநரிடம் அடையாளச் சான்று பெற்று, உலர்மாதிரி ஒன்றைக் காப்பகத்தில் வையுங்கள். பருவம் மாறினால் இலையின் பாலிஃபீனால், ஃபிளாவனாய்டு அளவுகள் மாறும். அவை மாறினால் துகளின் அளவும் மாறும். இலைகளைக் குழாய் நீரில் மண் போகக் கழுவிய பின் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்திப் பொடியாக்க வேண்டும். 10 கிராம் பொடியை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் இட்டு, 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் 20 நிமிடங்கள் வைத்து, ஆறியதும் வாட்மேன் 1 வடிதாளில் வடிகட்டி, பின்னர் 0.22 மைக்ரோமீட்டர் வடிப்பான் வழியாகவும் செலுத்துங்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் சாறு கெடும். அன்றன்று செய்து பயன்படுத்துவதே நல்லது.

நீரைப் பற்றி ஒரு சொல். ஒருமுறை எங்கள் மாணவி ஒருத்தியின் குடுவையில் கரைசல் பழுப்பாவதற்குப் பதிலாக மோர் போல வெளுத்துவிட்டது. இரண்டு நாட்களாகச் சாற்றையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில், அலசிய குடுவையின் அடியில் குழாய் நீர் சில துளிகள் தங்கியிருந்தன என்று தெரிந்தது. அதிலிருந்த குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாக வீழ்படிந்திருந்தது. அன்று முதல், பயன்படுத்தும் நீரில் சில மில்லி எடுத்து அதில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்து, கலங்காமல் தெளிவாக இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்குகிறோம்.

படி 3: வினை

0.170 கிராம் வெள்ளி நைட்ரேட்டை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும்; அதில் சுமார் 108 மில்லிகிராம் வெள்ளி இருக்கும். பழுப்புக் கண்ணாடிக் குடுவையில் வையுங்கள்; கையுறையும் கண்காப்பும் கட்டாயம். கையில் பட்ட துளி அப்போது தெரியாது, மறுநாள் கறுப்புத் தழும்பாகத் தெரியும்.

இந்தக் கரைசலில் 90 மில்லி எடுத்து, மெதுவாகக் கலக்கிக்கொண்டே 10 மில்லி இலைச்சாற்றைத் துளித்துளியாகச் சேருங்கள். தொடக்கத்தில் இளமஞ்சளாக இருக்கும் கலவை, வெந்தயம் ஊறிய நீரின் நிறத்துக்கு மாறி, பின்னர் தேன் நிறமாகி, இறுதியில் அடர்ந்த கருப்பட்டிப் பாகின் நிறத்தை அடையும். வெள்ளி அயனிகள் உலோக வெள்ளியாக ஒடுங்கித் துகள்களாகத் திரளும்போது, அவற்றின் மேற்பரப்பு எலெக்ட்ரான்கள் ஒளியோடு ஒத்ததிர்வதால் இந்த நிறம் தோன்றுகிறது. வெப்பம் கூடினாலும் கலவை காரத்தன்மை அடைந்தாலும் வினை விரைவாகும். விரைவாக உருவாகும் துகள்கள் பெரும்பாலும் சிறியவையாக இருக்கும். எந்த வெப்பத்தில், எந்த பி.எச். அளவில் செய்தாலும் அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

வெயில் மட்டுமே வெள்ளி நைட்ரேட்டை ஒடுக்கிவிடக்கூடும். ஆகவே சாற்றுக்குப் பதில் நீர் சேர்த்த ஒரு குடுவையையும், வெள்ளி சேர்க்காத சாறு மட்டும் உள்ள ஒரு குடுவையையும் அதே வெளிச்சத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் 100 மில்லி கலவையில் உள்ள மொத்த வெள்ளி சுமார் 9.7 மில்லிகிராம். ஒரு கிராம் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பில் 10 மில்லிகிராம் மருந்தும், அதில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் வெள்ளியும் உள்ளன. அதாவது, நாள் முழுவதும் உழைத்துச் செய்த ஒரு குடுவை வெள்ளி, மூன்றேகால் கிராம் களிம்பில் உள்ள வெள்ளிக்குச் சமம். பின்னர் இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

படி 4: கழுவுதல்

பல ஆய்வுகள் சறுக்கும் இடம் இதுதான். வினை முடிந்த கலவையில் துகளாக மாறாத வெள்ளி அயனி எஞ்சியிருக்கும். அதைக் கழுவாமல் கிருமியின் மேல் விட்டால் கிருமி சாகும். கொன்றது நானோ துகளா, எஞ்சிய வெள்ளி நைட்ரேட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே அயனி தோலணுவையும் கொல்லும்.

கலவையை நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் 20 நிமிடங்கள் மையவிலக்கில் சுற்றி, தெளிந்த மேல்நீரை வடித்து, அடியில் படிந்த துகளைக் காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் கலக்குங்கள். இதை மூன்று முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் வடித்த மேல்நீரில் ஒரு துளி உப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள். முதல் முறை கலங்கல் நன்கு தெரியும், மூன்றாம் முறை தெரியக் கூடாது. இது கண்ணால் பார்க்கும் முன்சோதனை மட்டுமே என்பதால், மேல்நீரிலும் துகளிலும் உள்ள வெள்ளியை அணு உறிஞ்சல் நிறமாலைமானியிலோ, பிளாஸ்மா கொண்டு தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. கருவியிலோ அளந்து எழுதுங்கள். தொடக்கத்தில் போட்ட 9.7 மில்லிகிராமில் துகளாகக் கிடைத்தது எவ்வளவு, மேல்நீரோடு போனது எவ்வளவு என்று இரண்டும் கூட்டினால் கணக்கு நேராக வேண்டும். மேல்நீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. தனிப் புட்டியில் சேர்த்து வேதிக்கழிவாக அனுப்புங்கள்.

படி 5: துகளை அறிதல்

புற ஊதா நிறமாலைமானியில் 410 முதல் 450 நானோமீட்டருக்கு இடையே ஒரே முகடு தெரிந்தால் பெரும்பாலும் உருண்டைத் துகள்கள் உருவாகியுள்ளன எனலாம். முகடு அகன்று வலப்பக்கம் நகர்ந்தால் துகள்கள் ஒட்டித் திரள்கின்றன என்று பொருள். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று அதே மாதிரியை அளந்து வந்தால் நிலைப்புத்தன்மை தானாகத் தெரிந்துவிடும்.

எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுச் சோதனையில் 38, 44, 64, 77 டிகிரிகளை ஒட்டி வரும் முகடுகள் உலோக வெள்ளிக்கு உரியவை. அவற்றோடு 27.8, 32.2, 46.2 டிகிரிகளிலும் முகடு தெரிந்தால் நின்று யோசியுங்கள். இவற்றை "இலையின் கரிமப் பொருள்" என்று எழுதிக் கடந்துபோகும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த மூன்றும் வெள்ளி குளோரைடின் முகடுகள். நீரைத் தூய்மையாக வைத்தாலும் இலையிலேயே குளோரைடு உண்டு. வெள்ளி குளோரைடு இருப்பது குற்றமில்லை, அதற்கும் கிருமியைத் தடுக்கும் திறன் உண்டு. இருப்பதை இல்லை என்று எழுதுவதே பிழை.

ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குறைந்தது 200 துகள்களையாவது அளந்து சராசரியையும் பரவலையும் தாருங்கள். அழகாகத் தெரியும் ஒரே மூலையை மட்டும் படம் எடுத்துப் போடாதீர்கள். ஒளிச்சிதறல் கருவி, உறையையும் அதைச் சுற்றிய நீரையும் சேர்த்தே அளப்பதால், அதில் வரும் எண் நுண்ணோக்கி எண்ணைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு. துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் சீட்டா மின்னழுத்தம் எதிர் (மைனஸ்) 30 மில்லிவோல்ட்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நின்று நிலைத்திருக்கும். அகச்சிவப்பு நிறமாலை, உறையில் உள்ள ஹைட்ராக்சில், கார்போனைல், அமைடு தொகுதிகளைக் காட்டும். குறிப்பிட்ட ஒரு சேர்மம்தான் வெள்ளியை ஒடுக்கியது என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

அளவு ஏன் முக்கியம்? ஒரே எடை வெள்ளியை 1 மைக்ரோமீட்டர் உருண்டைகளாக்காமல் 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு 50 மடங்காகும். அந்த மேற்பரப்பிலிருந்தே வெள்ளி அயனி கசிகிறது. அது கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது, அணுச்சவ்வைச் சிதைக்கிறது. குறைந்த வெள்ளியில் கூடுதல் பயன் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே. கூடுதல் நச்சு வரக்கூடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இதுவே.

படி 6: ஜெல்

100 கிராம் ஜெல்லுக்குத் தொடக்கக் கலவையாக, ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமரான கார்போபால் 940 ஒரு கிராம், புரோப்பிலீன் கிளைக்கால் 10 கிராம், பதப்படுத்தியாக மெத்தில் பாராபென் 0.18 கிராம், புரோப்பைல் பாராபென் 0.02 கிராம், தேவையான அளவு டிரைஎத்தனாலமின், மீதி துகள் கலந்த நீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராம் ஜெல்லில் 0.1 மில்லிகிராம் வெள்ளி இருக்க வேண்டுமானால் 10 மில்லிகிராம் துகள் வெள்ளி தேவை. கழுவும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று குடுவை வினைக்குத் திட்டமிடுங்கள். இப்படிச் செய்த ஜெல்லில் உள்ள வெள்ளி, வழக்கமான களிம்பில் உள்ளதில் முப்பதில் ஒரு பங்குதான்.

கார்போபாலை நீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பாகவும் உள்ளே உலர்ந்தும் கட்டிகள் உருவாகும். ரவை கிண்டும்போது செய்வதுபோல, கலக்கிக்கொண்டே இருக்கும் நீரின் மேல் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். பிறகு இரவு முழுவதும் ஊற விடுங்கள். புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்த பதப்படுத்திகளைச் சேர்த்து, துகள் நீரை மெதுவாகக் கலந்து, கடைசியாக டிரைஎத்தனாலமினைத் துளித்துளியாக விட்டு பி.எச். 6 முதல் 6.5-க்குக் கொண்டுவாருங்கள். பால் போன்ற நீர்மம் அந்தக் கணத்தில் கெட்டிப்பட்டுத் தெளிவதைக் கண்ணாலேயே காணலாம். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும்.

கார்போபால் உப்புகளைத் தாங்காது. கழுவாத துகள் நீரைச் சேர்த்தால் அதிலுள்ள நைட்ரேட் உப்புகளால் ஜெல் நீர்த்துப் போகும். ஆக, படி 4-இல் காட்டிய பொறுமை இங்கேயும் கைகொடுக்கிறது. ஜெல் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். சாம்பல் நிறமானால் துகள்கள் திரண்டுவிட்டன. அப்படிப்பட்ட ஜெல்லை வைத்துச் சோதனையைத் தொடராதீர்கள்.

கார்போபாலுக்கு மாற்றாகக் கைட்டோசான் நல்ல தேர்வு. அதற்கே இரத்தக் கசிவை நிறுத்தும் தன்மை உண்டு. புளூரோனிக் எஃப் 127 என்னும் பாலிமர் குளிரில் நீர்மமாக இருந்து உடல் சூட்டில் கெட்டியாவதால், புண்ணை அழுத்தாமல் ஊற்றவும், பிறகு குளிர்ந்த உப்பு நீரால் வலியின்றிக் கழுவி எடுக்கவும் வசதியானது. களிம்பைத் துடைத்தெடுக்கும் வேதனையைக் குறைப்பதே நோக்கமானால், என் தேர்வு இதுதான். பாகுநிலை, பரவும் தன்மை, பி.எச்., ஒரே சீரான வெள்ளி அளவு ஆகியவற்றை வழக்கமான முறைகளில் அளந்து அட்டவணையாக்குங்கள்.

வெள்ளி கசியும் வேகத்தை அளக்க, சவ்வு வழியாக மருந்து ஊடுருவுவதை அளக்கும் ஃப்ரான்ஸ் (Franz) பரவல் கலத்தில் பாஸ்பேட் தாங்கல் கரைசலை நிரப்புவது வழக்கம். பாஸ்பேட்டும் குளோரைடும் வெள்ளியை வீழ்படியச் செய்வதால் அங்கே கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். புண்ணின் ஊனீரிலும் குளோரைடும் ஆல்புமினும் உண்டு. எனவே ஆல்புமின் சேர்த்த செயற்கை ஊனீரில் அளந்து, எடுத்த மாதிரி முழுவதையும் நைட்ரிக் அமிலத்தில் செரிக்க வைத்து மொத்த வெள்ளியைக் காண்பதே சரி.

படி 7: கிருமி நீக்கம்

திறந்த புண்ணில் பூசும் பொருள் கிருமியற்றதாக இருந்தே ஆக வேண்டும். ஜெல்லை அப்படியே அழுத்தக் கொதிகலனில் (ஆட்டோகிளேவ்) வைத்தால் துகள்கள் திரளக்கூடும். ஜெல் அடித்தளத்தைத் தனியாகக் கொதிகலனில் தூய்மையாக்கி, துகள் நீரை 0.22 மைக்ரோமீட்டர் வடிப்பானில் செலுத்தி, தூய காற்றறையில் இரண்டையும் கலப்பது ஒரு வழி. வடிப்பானில் பெரிய துகள்கள் தங்கிவிடும் என்பதால் அதன்பின் வெள்ளியை மீண்டும் அளக்க வேண்டும். 25 கிலோகிரே காமா கதிர்வீச்சு மற்றொரு வழி. கதிரூட்டிய பின் ஒளி முகடும் பாகுநிலையும் மாறவில்லை என்று காட்டுங்கள். இறந்த பாக்டீரியாவின் நச்சு இந்த 0.22 மைக்ரோமீட்டர் வடிப்பானில் தங்காது. நீரும் சாறும் தொடக்கத்திலிருந்தே தூய்மையாக இருக்க வேண்டும்.

படி 8: கிருமிகளின் மேல்

தீக்காயத்தில் முதலில் கால் பதிப்பது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். சில நாட்களில் சூடோமோனாஸ் ஏருஜினோசா வந்து சேரும். கட்டைப் பிரித்தவுடன் பச்சைக் கறையும் இனிப்பான வாடையும் தெரிந்தால் செவிலியர்கள் சோதனைக்கு முன்பே அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இவ்விரண்டின் தரப்படுத்திய வகைகளோடு, நெறிக்குழு அனுமதியுடன் பெற்ற மருத்துவமனை வகைகளையும் சோதியுங்கள்.

அகார் தட்டில் குழி தோண்டி வளையத்தை அளக்கும் முறை பார்வைக்கு எளிது, ஆனால் நானோ துகள் அகாரில் எளிதில் பரவாது. சிறிய வளையம் குறைந்த திறனைக் காட்டுகிறது என்று கொள்ள முடியாது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் குழிகள் கொண்ட தட்டில் நீர்த்தல் முறையில் காண்பதே நம்பத்தக்கது. வெள்ளி நைட்ரேட், இலைச்சாறு, துகளில்லா ஜெல், சில்வர் சல்ஃபாடையசின் ஆகிய நான்கும் ஒப்பீட்டுக் கட்டுப்பாடுகளாக (control) இருக்க வேண்டும். வெள்ளி உள்ளவற்றை மொத்த எடையில் ஒப்பிடாமல் வெள்ளியின் எடையில் ஒப்பிடுங்கள். புண்ணில் பாக்டீரியாக்கள் பாசி போன்ற படலமாக வாழ்வதால் படலத்தின் மேலும் சோதிக்க வேண்டும்.

வெள்ளிக்குக் கிருமி பழகாது என்பதும் தவறான நம்பிக்கையே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தீக்காயப் பிரிவு ஒன்றில் வெள்ளி நைட்ரேட்டை எதிர்க்கும் சால்மோனெல்லா தோன்றி மூன்று நோயாளிகள் இறந்ததாக 1975-இல் பதிவாகியுள்ளது. குறைந்த அளவு வெள்ளியில் பல தலைமுறைகள் வளர்த்து எதிர்ப்புத் தோன்றுகிறதா என்று பார்ப்பது ஆய்வில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

படி 9: தோலணுக்களின் மேல்

கிருமியைக் கொல்லும் செறிவுக்கும் தோலணுவைக் கொல்லும் செறிவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அவ்வளவுதான் உங்கள் ஜெல்லின் மதிப்பு. எல் 929 நார்த்திசு அணுக்கள், ஹாகாட் மேல்தோல் அணுக்கள் ஆகியவற்றில், உயிரோடு இருக்கும் அணுக்கள் சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் எம்.டி.டி. சோதனை செய்யுங்கள்; ஐ.எஸ்.ஓ. 10993-5 தரத்தின்படி உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது நச்சுத்தன்மையாகக் கொள்ளப்படும். இங்கே ஒரு பொறி உண்டு: இலையின் பாலிஃபீனால்களே எம்.டி.டி. சாயத்தை ஒடுக்கி ஊதா நிறமாக்கிவிடும், இறந்த அணுக்கள் உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். அணுக்களே இல்லாத குழிகளில் துகளை மட்டும் இட்டு, அந்த நிறத்தைக் கழித்துவிடுங்கள். அணுப் படலத்தில் கீறல் போட்டு அது மூடும் வேகத்தைப் பார்க்கும் சோதனையும் உடன் வேண்டும்.

படி 10: விலங்காய்வு

நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் இன்றி ஓர் எலியையும் தொடக் கூடாது. மயக்க மருந்தின் கீழ் மட்டுமே காயம் உண்டாக்க வேண்டும். பின்வரும் நாட்களுக்கும் வலிநிவாரணி தர வேண்டும். வலியில் துடிக்கும் எலி தின்னாது, தின்னாத எலியின் புண் ஆறாது; கருணையும் அறிவியலும் இங்கே ஒரே திசையில்தான் நிற்கின்றன.

ஒரு குழுவுக்கு ஆறு விஸ்டார் எலிகள் என்பது வழக்கம், ஆனால் எண்ணிக்கையை வழக்கத்தால் முடிவு செய்யாமல் புள்ளியியல் கணிப்பால் முடிவு செய்யுங்கள். மருந்தற்ற ஜெல், சாற்று ஜெல், துகள் ஜெல், வழக்கமான களிம்பு என்று குழுக்கள் அமையலாம். 0, 3, 7, 14, 21 ஆம் நாட்களில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எந்தக் குழு என்று அறியாத ஒருவர் பரப்பை அளக்க வேண்டும். எலியின் தோலடியில் உள்ள மெல்லிய தசைப் படலம் புண்ணை இழுத்துச் சுருக்கி மூடிவிடும். மனிதத் தோல் அப்படி ஆறுவதில்லை. ஆகவே புண் சுருங்கிய சதவீதத்தை மட்டும் வைத்து வெற்றி என்று எழுதாமல், திசு வெட்டுகளில் புதிய மேல்தோலின் நீளத்தையும் கொலாஜன் அடுக்கையும் காட்டுங்கள். இரத்தம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் வெள்ளி சேர்ந்துள்ளதா என்றும் அளக்க வேண்டும்.

படி 11: மனிதர்களை நோக்கி

இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் வெளியிட்டது. அதே ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, மருத்துவ நெறிக்குழுவின் ஒப்புதல், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்பதிவு ஆகிய மூன்றும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். தொகுதிக்குத் தொகுதி துகள் அளவு மாறாமல் செய்ய முடியும் என்று காட்டுவது இந்தக் கட்டத்தின் பெரும் சவால். வேறு மரத்து இலை, வேறு பருவத்து இலை என்று மூன்று தொகுதிகளையாவது செய்து பார்த்திருந்தால்தான் அதற்கு விடை இருக்கும்.

சேர்க்கும் நோயாளிகளின் காயப் பரப்பு சிறிதாக இருக்கட்டும். பச்சிளங்குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக்கச் சோதனையில் வேண்டாம். இரத்தத்தில் வெள்ளியின் அளவு, வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, வெள்ளி படிவதால் தோலில் நீலச்சாம்பல் நிறம் படர்கிறதா என்பதை வாரந்தோறும் பாருங்கள். ஆறிய நாட்களின் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு கட்டு மாற்றத்தின்போதும் நோயாளி சொல்லும் வலியை 0 முதல் 10 வரையான அளவில் அவர் வாயாலேயே கேட்டு எழுதும் பத்தியைப் பதிவுப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அமையுங்கள்.